ஒரு மெல்லிய தகடு செய்த கலாட்டா!

உறையூரில் ஒரு குறுகலான தெரு. வேப்ப மரத்தடியில் வெள்ளை அம்பாஸடர் கார் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. அதன் எதிரே வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவர்.

"வாங்க தம்பி! ஆபரேஷன் பார்க்க வந்தீங்களா?" என்று சிரித்தார்.

ஆபரேஷன்தான். காரின் ஹெட் காஸ்கெட்டை வீட்டு வாசலிலேயே மாற்றப் போகிறார். துணைக்கு அவருடைய மகன். தபால் இலாகாவில் வேலை. பத்தாம் நாள் பேத்திக்குக் கல்யாணம். தாம் பிழைத்த வண்டியில்தான் மணப்பெண் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்பது தாத்தாவின் ஆசை. "பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், அப்பா" என்பது மகனின் கட்சி!

காஸ்கெட் என்றால் என்ன?

எஞ்சினின் அடிப்பாகம் பிளாக். அதில்தான் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. அதன் மேல் மூடி போல் உட்காருவது ஹெட். இரண்டுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் காஸ்கெட். எரியும் வாயு, குளிர்விக்கும் தண்ணீர், மசகு எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அதன் உத்தியோகம்.

டீசல் எஞ்சினில் இந்த உத்தியோகம் இன்னும் கஷ்டம். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. டீசலில் அது கிடையாது. காற்றை இருபது மடங்கு அளவுக்கு நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்க வேண்டும். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897ல் ஓட்டிக் காட்டிய தத்துவம் இது. அத்தனை அழுத்தத்தையும் தாங்குவது இந்தத் தகடுதான்.

நோயின் அறிகுறிகள்

"ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் குறைந்தது. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை. எஞ்சின் ஆறியிருந்தபோது மூடியைத் திறந்துவிட்டு ஓடவிட்டேன். உலைத் தண்ணீர் மாதிரி குமிழி குமிழியாக வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது" என்றார் பெரியவர்.

எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அளவுக் கம்பியில் பால் விட்ட காப்பி போல் தெரியும். நல்ல வேளை, அது நேரவில்லை.

ஆனால் மூன்று மாதத்துக்கு முன்புதான் ஒரு பட்டறையில் புதுக் காஸ்கெட் போட்டிருக்கிறார்கள்! அதற்குள் ஏன் போயிற்று? அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த முறை தாமே ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

தலையைக் கழற்றினார்கள்

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே வேலை தொடங்கியது. முதலில் பாட்டரி ஒயர் கழன்றது. தண்ணீரை வடித்தார்கள். ரப்பர் ஹோஸ்கள், மானிபோல்டு, டீசல் குழாய்கள், இன்ஜெக்டர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. திறந்த குழாய் வாய்களைச் சுத்தமான துணியால் கட்டினார் பெரியவர். டீசல் பம்புக்குத் தூசிதான் முதல் சத்துரு.

பிறகு ராக்கர் கழன்றது. புஷ்ராடுகள் எட்டு. அட்டைப் பெட்டியில் எட்டுத் துளை போட்டு வரிசையாகச் செருகினார்கள். எது எங்கே இருந்ததோ அது அங்கேயே திரும்ப வேண்டும்.

ஹெட் நட்டுகளை ஒரே மூச்சில் கழற்றவில்லை. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். வார்ப்பு இரும்பு ஹெட். தூக்க இரண்டு பேர் வேண்டும். இடுக்கில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பப் போன மகனைப் பெரியவர் தடுத்தார். "கீறல் விழுந்தால் போச்சுடா!"

காஸ்கெட்டில் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கருகிய தடம் பளிச்சென்று தெரிந்தது. பழைய காஸ்கெட்டுகளில் கல்நார் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே ஈரப்படுத்தி, முகத்தை மூடிக்கொண்டு மெள்ளச் சுரண்டினார்கள்.

குற்றவாளி அகப்பட்டான்!

ஹெட்டின் அடிப்பக்கம் நேரான இரும்புச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்தார் பெரியவர். பீலர் கேஜ் இலையை அடியில் செருகினார். நடுவில் தாராளமாக நுழைந்தது! ஹெட் வளைந்திருக்கிறது. பட்டறைக்காரர் அதைப் பார்க்காமலே தகட்டை மாற்றியிருக்கிறார்.

"வளைந்தது என் தப்பு தம்பி. ஹோஸ் வெடித்து எஞ்சின் கொதித்தபோது, வீடு பக்கம்தானே என்று நிறுத்தாமல் ஓட்டிவிட்டேன்."

"நாள் இல்லை அப்பா. அப்படியே மூடிவிடலாமே" என்றார் மகன்.

பெரியவர் தலையசைத்தார். "நடு ரோட்டில் பெண்ணை இறக்கிவிடவா?"

ஹெட் லேத் பட்டறைக்குப் போயிற்று. இரண்டு நாள் தாமதம். சமமாக வரும் வரை மட்டுமே மயிரிழையாகச் சீவச் சொன்னார். அதிகமாகச் சீவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். சில டீசல் வண்டிகளின் ஹெட்டைச் சீவவே கூடாது. புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மீண்டும் உயிர்

புதுக் காஸ்கெட்டின் மேல்பக்கம் எது என்று பார்த்து வைத்தார்கள். இப்போது வரிசை நேர் எதிர்: நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி. டார்க் ரெஞ்சால் மூன்று தவணையில், புத்தகத்தில் கண்ட அளவுக்கு முறுக்கினார்கள். கை உத்தேசம் கூடாது. பிறகு டாப்பெட் இடைவெளி சரிபார்த்து, புது எண்ணெயும் தண்ணீரும் ஊற்றினார்கள்.

டீசல் குழாயில் காற்று நின்றால் எஞ்சின் பிடிக்காது. கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றினார் மகன். சாவியைத் திருப்பினார் பெரியவர். ஒரு முறை இருமியது. இரண்டாம் முறை தடதடவென்று பிடித்துக்கொண்டது! ரேடியேட்டரில் ஒரு குமிழிகூட இல்லை.

1950களின் பிற்பகுதியில் பிறந்த அம்பாஸடர் ரகம், 2014ல் தயாரிப்பு நின்று போனது. உறையூரில் இந்த ஒன்று இன்னும் ஓடுகிறது. கல்யாணத்தன்று மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு மண்டபம் போய்ச் சேர்ந்தது. ஓட்டியவர் யார் தெரியுமா? "இரும்புக்குப் போடலாம்" என்ற அதே மகன்தான்! பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர், வழி நெடுகிலும் வெப்பமானி முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முள் நகரவே இல்லை.