தாலி ஏறினால் மட்டும் விசா மாறாது!
பிரான்சுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளும், தவளக்குப்பத்துக் கல்யாணப் பந்தலும்

புதுச்சேரி,

"பொண்ணு படிக்கத்தான் பிரான்சு போனா. இப்ப மாப்பிள்ளையும் அங்கேயே அமைஞ்சிட்டாரு. அப்போ அந்த மாணவர் விசா என்ன ஆகும்?"

புதுச்சேரியில் இருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பத்தையும் நோணாங்குப்பம் பாலத்தையும் தாண்டினால் தவளக்குப்பம். இந்தப் பக்கத்தில் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இப்படி ஒரு கேள்வி கிளம்பினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பதில் சொல்கிறவர்கள்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "தாலி கட்டிட்டா தானா மாறிடும்" என்பார் ஒருவர். "திரும்பி வந்து புதுசா விசா எடுக்கணும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே முழு உண்மை அல்ல.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

6 மாத கெடு

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை 1954 நவம்பர் 1-ந் தேதி இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்டு 16-ந் தேதிதான். அன்று முதல் 6 மாத கெடு கொடுத்தார்கள். "பிரெஞ்சு பிரஜையாகவே இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சு பிரஜைகள். எழுதிக் கொடுக்காமல் இங்கேயே இருந்தவர்கள் இந்தியப் பிரஜைகள். அதைத்தான் பெரியவர்கள் "ஒப்சியோன்" என்பார்கள்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய "சொல்தா" குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று பாரீசிலும் அதன் அருகே உள்ள சார்செல் போன்ற ஊர்களிலும் இருக்கிறார்கள். அப்போது பாஸ்போர்ட்டால் பிரிந்த சொந்தம் இப்போது கல்யாணத்தால் மறுபடியும் சேருகிறது.

அத்தை மகன் மாப்பிள்ளை

உதாரணத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக் கொள்வோம். தவளக்குப்பத்துப் பெண். இங்கே பட்டப் படிப்பு. மேல்படிப்புக்கு பிரான்சில் லியோன் நகரம். மாணவர் விசாவில் போய் இறங்கி, 3 மாதத்துக்குள் அந்த விசாவை இணையத்தில் பதிவு செய்துவிட்டாள். வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது மாணவர்களுக்கான சட்டம். அதன்படி ஓட்டலிலோ கடையிலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள்.

சார்செல்லில் அத்தை மகன். பிரெஞ்சு பிரஜை. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பாட்டி மட்டும் ஒரே பிடிவாதம்: "ஊர்ல வச்சு, நம்ம கோயில்ல தாலி கட்டினாத்தான் கல்யாணம்."

லீவில் வருகிறார்கள். மேளம் கொட்டுகிறது. தாலி ஏறுகிறது. பதிவாளர் ஆபீசில் பதிவும் ஆகிறது. புதுப்பெண் அதே மாணவர் விசாவில் விமானம் ஏறிவிடுகிறாள். அங்கே 'பிரெபெக்தூர்' என்று ஒரு ஆபீஸ். நம்ம ஊர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. வெளிநாட்டுக்காரர்களுக்கு தங்கும் அட்டை கொடுப்பது அதுதான். மனைவி என்ற அட்டைக்கு மனு போட்டால் முதலில் பார்ப்பது இதைத்தான்:

"உங்கள் கல்யாணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா?"

ஏறவில்லை. மனு அங்கேயே நின்றுவிடுகிறது!

மரீன் வீதிக்கு முதலில் போங்கள்

சிக்கல் தாலியில் இல்லை. வரிசையில் இருக்கிறது.

பிரெஞ்சு பிரஜை ஒருவர் இந்தியாவில் கல்யாணம் செய்வதாக இருந்தால், கல்யாணத்துக்கு முன்பே பிரெஞ்சு துணைத் தூதரகத்தில் மனு கொடுத்து, "இவருக்கு கல்யாணம் செய்துகொள்ள தடை இல்லை" என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். நமக்கு அது புதுச்சேரி மரீன் வீதியில் இருக்கிறது. கல்யாண அறிவிப்பை 10 நாள் ஒட்டி வைப்பார்கள். தேவைப்பட்டால் மாப்பிள்ளை, பெண் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

அதன் பிறகு தாலி. அதன் பிறகு நம்ம ஊர்ப் பதிவு. அதன் பிறகு அந்தப் பதிவைக் கொண்டுபோய் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றுவது. இந்தக் கடைசிக் காகிதம் கையில் இருந்தால்தான் பிரெபெக்தூர் வாசலில் மரியாதை.

முன்சான்றிதழ் வாங்காமல் தாலி கட்டிவிட்டால் எல்லாம் போச்சா? இல்லை. பிறகும் பதிவேட்டில் ஏற்றக் கேட்கலாம். ஆனால் அறிவிப்பு, விசாரணை எல்லாம் அப்போதுதான் ஆரம்பம் ஆகும். சந்தேகம் வந்தால் காகிதம் பிரான்சில் நான்ந்து நகரத்து அரசு வக்கீலுக்குப் போகும். அதற்குள் மாணவர் அட்டையின் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

அங்கேயே முடித்தால்?

பிரான்சிலேயே கல்யாணம் என்றால் வேலை சுலபம். அங்கே 'மேரி' என்னும் நகராட்சி ஆபீசில் நடக்கும் கல்யாணம்தான் சட்டப்படி கல்யாணம். நம்ம ஊர்க்காரர்களுக்கு மேரி புதிய வார்த்தையா என்ன! கடற்கரையில் இருந்த பழைய மேரி கட்டிடம் 2014-ல் மழையில் இடிந்து விழுந்து, பிறகு அதே அழகில் எழுந்து நிற்கிறதே, அதே மேரிதான்.

மேரியில் முடித்த கல்யாணம் நேராகப் பிரெஞ்சுப் பதிவேட்டில் இருக்கும். தனியாக ஏற்றும் வேலை கிடையாது. பெண் நீண்டகால விசாவில் முறைப்படி போனவள் என்பதால், மனைவி விசாவுக்காக ஊர் திரும்ப வேண்டியதும் இல்லை. மாணவர் அட்டை முடிவதற்கு 4 மாதம் முதல் 2 மாதம் முன்பு வரை உள்ள காலத்துக்குள் மனு போட்டால் போதும். பாட்டிக்காக தாலியைப் பிறகு தவளக்குப்பத்தில் கட்டிக்கொள்ளலாம். முகூர்த்தம் பார்க்கும் ஜோசியர் கோபித்துக்கொள்ள மாட்டார்!

படிப்பு முடிந்து, அட்டையும் முடிந்து, ஊருக்குத் திரும்பிய பிறகு கல்யாணம் என்றால் கதை வேறு. "பிரெஞ்சு பிரஜையின் கணவன் அல்லது மனைவி" என்ற நீண்டகால விசாவை இங்கிருந்தே கேட்க வேண்டும். இந்த விசாவுக்குப் பிரெஞ்சு சர்க்கார் கட்டணம் வாங்குவதில்லை. "விசாவுக்கு இத்தனை லட்சம்" என்று எந்தப் புரோக்கராவது சொன்னால், அந்தப் பணம் யார் பைக்குப் போகிறது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாமன் முறைக்கு தடை

இங்கே ஒரு வெடி இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகன் கல்யாணத்துக்குப் பிரெஞ்சு சட்டத்தில் தடை இல்லை. ஆனால் அக்காள் மகளை தாய்மாமன் கட்டுவதை அந்தச் சட்டம் தடுக்கிறது. தடையை நீக்கும் அதிகாரம் அந்த நாட்டு ஜனாதிபதிக்கு மட்டுமே உண்டு, அதுவும் தகுந்த காரணம் இருந்தால்தான்! நம்மிடம் தாய்மாமன்தான் முதல் உரிமைக்காரன். வழக்கத்தில் இருந்தால் இந்து திருமணச் சட்டமும் அதை ஒத்துக்கொள்கிறது. பிரெஞ்சு பிரஜையான மாமனுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் பந்தக்கால் நடும் முன்பே இதை யோசிக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

"அவங்க தாத்தா ஒப்சியோன் பண்ணினவரு" என்ற பேச்சு மட்டும் உதவாது. மாப்பிள்ளை கையில் செல்லுபடியாகும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் அங்கே வெறும் 10 வருட அட்டையில் இருக்கும் வெளிநாட்டுக்காரர் என்றால், "குடும்ப இணைப்பு" என்ற வேறு பாதை. அதில் சம்பளம், வீட்டின் அளவு எல்லாம் பார்ப்பார்கள். பிரெஞ்சு பிரஜையைக் கட்டினால் சம்பளக் கணக்கு கேட்பதில்லை.

இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கேயும் மாணவர் விசாவில் இருப்பவர் ஊர் திரும்பாமலே கணவன்-மனைவி விசாவுக்கு மாறலாம். ஆனால் 2024 ஏப்ரல் முதல் புதிதாக மனுப் போடுகிறவர்களுக்கு வருட வருமானம் 29 ஆயிரம் பவுண்டு காட்ட வேண்டும் என்று உயர்த்திவிட்டார்கள்.

அவசரம் எதற்கு?

மனைவி அட்டை கிடைத்தால் லாபம் உண்டு. 964 மணி நேரக் கட்டுப்பாடு போய்விடும். எந்த வேலையும் பார்க்கலாம். முதல் அட்டை 1 வருடம். கல்யாணம் ஆகி 3 வருடம் ஆனால் 10 வருட அட்டை கேட்கலாம். அதற்கான பிரெஞ்சு மொழித் தேர்வை 2026 ஜனவரி முதல் பி1 என்ற மட்டத்துக்கு உயர்த்திவிட்டார்கள். 4 வருடம் ஆனால் பிரஜை உரிமைக்கும் மனு போடலாம்.

ஆனால் ஒன்று. மாணவர் அட்டை அவள் படிப்பை நம்பி இருக்கிறது. மனைவி அட்டை புருஷனோடு சேர்ந்து வாழ்வதை நம்பி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் "சேர்ந்துதான் வாழ்கிறோம்" என்று காட்ட வேண்டும். வீட்டு வாடகைப் பத்திரம், கரண்ட் பில், பாங்கிக் கணக்கு, எல்லாவற்றிலும் இரண்டு பெயர். பெண் லியோன் விடுதியில், புருஷன் சார்செல்லில் என்றால், படிப்புக்காகத்தான் இந்தப் பிரிவு என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும்.

நடுவில் பிரிந்துவிட்டால் அட்டையைப் புதுப்பிக்காமல் விடலாம். புதிய ஊரில் தனியாக நிற்கும் பெண்ணிடம் "உன் அட்டையே என்னாலதான்" என்று ஒருவன் சொன்னால் என்ன செய்வாள்? சட்டம் இதையும் யோசித்திருக்கிறது. புருஷன் அடித்துக் கொடுமை செய்ததால் பிரிவு வந்தது என்றால், அதைக் காரணம் காட்டி அட்டையைப் பறிக்கக் கூடாது. புருஷன் இறந்துபோனாலும் அப்படியே. போலீஸ் புகாரும் டாக்டர் சான்றிதழும் அங்கே கை கொடுக்கும்.

அதனால், படிப்பு முடிய ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருக்கும்போது, கல்யாணம் ஆனாலும் மாணவர் அட்டையிலேயே தொடர்வதில் ஒரு தப்பும் இல்லை. "உடனே மாத்து" என்று அவசரப்படுத்தும் சொந்தக்காரர்கள் இதை யோசிப்பதே இல்லை.

பொய்க் கல்யாணம் செய்து அட்டை வாங்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், 5 வருட ஜெயில், 15 ஆயிரம் யூரோ அபராதம். பிரெஞ்சு சட்டத்தில் எழுதி வைத்த தண்டனை இது.

இனிஷியல் தொல்லை

கடைசியாகப் பெயர். நாம் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிறோம். பிரெஞ்சுக்காரர்களுக்கு குடும்பப் பெயர் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கல்யாணப் பதிவில் இன்னொன்று என்று இருந்தால், "இவர்கள் மூன்று பேரா?" என்று கேட்பார்கள். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன் இந்த மூன்றையும் ஒரே மேஜையில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிடுங்கள். திருத்தம் இருந்தால் இங்கேயே முடியுங்கள். லியோனில் உட்கார்ந்துகொண்டு தவளக்குப்பத்துப் பிறப்புச் சான்றிதழைத் திருத்துவது ரொம்ப கஷ்டம்.