பழைய பத்மினி ஸ்டார்ட் ஆகலையா? முதல்ல காதைக் கொடுங்க

இன்னைக்கு ஒரே கேள்வி. தாத்தா ஓட்டின பிரீமியர் பத்மினி ஷெட்ல நிக்குது, ஸ்டார்ட் ஆகலை. "இன்ஜின் போச்சு, எடைக்குப் போட்டுடுங்க"ன்னு யாரோ சொல்லிட்டாங்க. அந்த முடிவுக்குப் போறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

பத்மினி 1,089 சிசி பெட்ரோல் வண்டி. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கிடையாது. அதனால இன்ஜின் சுத்துதா, ஸ்பார்க் வருதா, பெட்ரோல் வருதான்னு மூணு கேள்விய இதே வரிசையில கேட்டாப் போதும். எங்க வீட்டு பத்மினிக்கு நான் பண்றது இதுதான்.

முதல்ல சத்தம். சாவியைத் திருப்பினா 'டக்'னு மட்டும் கேக்குதா? ஹெட்லைட்டைப் போட்டுட்டு மறுபடி திருப்புங்க. லைட் மங்கிச்சுன்னா பேட்டரி, இல்லைன்னா அதோட டெர்மினல். மல்டிமீட்டர்ல நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழன்னா கிட்டத்தட்ட காலி. டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா கழற்றி சுத்தம் பண்ணி இறுக்குங்க. லைட் மங்காம 'டக்' மட்டும் வந்தா, ஸ்டார்ட்டர் பக்கம் பாக்கணும். எதுவானாலும் சாவியைப் பத்து செகண்டுக்கு மேல பிடிக்காதீங்க. ஸ்டார்ட்டர் சூடாகும், பேட்டரியும் தீரும்.

இன்ஜின் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கலை. அப்போ ஸ்பார்க். ஒரு ஸ்பேர் பிளக்கை பிளக் வயர்ல மாட்டி, அதோட உலோகப் பகுதி இன்ஜின்ல படற மாதிரி வையுங்க. கையால பிடிக்காதீங்க, பக்கத்துல பெட்ரோல் கசிவும் இருக்கக் கூடாது. இப்ப ஒருத்தர் சாவியைத் திருப்பட்டும். நீல நிறத்துல பளிச்சுன்னு வந்தா சரி. மஞ்சளா மங்கலா வந்தாலோ, வரவே இல்லைன்னாலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்க. உள்ள இருக்கற பாயின்ட் ரொம்ப நாள் நின்ன வண்டியில மங்கிப் போயிருக்கும். மெல்லிய உப்புத்தாளால தேச்சுத் துடைச்சாலே பல வண்டி உயிர் வந்துடும். முழுசாத் திறக்கும்போது பாயின்ட் இடைவெளி ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இருக்கணும்.

ஸ்பார்க் சரின்னா கடைசியா பெட்ரோல். பெட்ரோல் வாசனை தூக்கலா அடிச்சா ஓவர்ஃப்ளோ. சோக்கை உள்ள தள்ளி, கொஞ்ச நேரம் விட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. வாசனையே இல்லைன்னா, காயிலுக்குப் போற சின்ன வயரைக் கழற்றுங்க, அப்ப ஸ்பார்க் வராது. கார்புரேட்டருக்கு வர்ற ட்யூபை ஒரு பாட்டில்ல விட்டு சுத்த விடுங்க. விட்டு விட்டுப் பீய்ச்சினா பம்ப் நல்லா இருக்கு. அந்த ட்யூபையும் கவனிங்க. இப்ப பங்க்ல கிடைக்கறது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. வெடிப்பு இருந்தா உடனே மாத்துங்க, இல்லைன்னா தீப்பிடிக்கற அபாயம்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ஒரு நேரத்துல ஒரு பொருளை மட்டும் மாத்துங்க. மூணையும் சேர்த்து மாத்தினா வண்டி ஓடலாம், ஆனா எது கெட்டிருந்துதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. "ஸ்பார்க் இருக்கு, பெட்ரோல் வரலை அண்ணே"ன்னு சொல்லிட்டுப் போனீங்கன்னா, மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். உங்களுக்குப் பாதி செலவு மிச்சம்.