“டைரக்ட் கொடுத்துடட்டுமா சார்?”

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மாங்காட்டில் எங்கள் வீட்டு மெயின் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டு எலக்ட்ரீஷியன் தம்பி கேட்ட கேள்வி இது. மூன்று நாளாக விட்டு விட்டு மழை. சாயங்காலத்திலிருந்து ஐந்து தடவை ட்ரிப் ஆகியிருந்தது. தூக்கிவிட்டால் பத்து நிமிடம் நிற்கும், மறுபடி ‘டக்’கென்று விழும். எதிர் வீட்டில் டி.வி. ஓடுகிறது, பக்கத்து வீட்டில் மிக்ஸி சத்தம் கேட்கிறது. எங்கள் வீடு மட்டும் இருட்டு. கையில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான்.

டைரக்ட் கொடுப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்கள் குறைவு. ட்ரிப்பருக்குள் போகிற ஒயரையும் அதிலிருந்து வெளியே வருகிற ஒயரையும் கழற்றி நேராக முறுக்கி இணைத்துவிடுவது. ஐந்து நிமிட வேலை. அப்புறம் எதுவும் விழாது. விடிய விடிய ஃபேன் ஓடும். எனக்கும் ‘சரி’ என்று சொல்ல வாய் வந்துவிட்டது. எதனாலோ, “விடிஞ்சு பாத்துக்கலாம் தம்பி” என்று அனுப்பிவிட்டேன்.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தபோது காரணம் கிடைத்தது. கொல்லைப்புறச் சுவரில், துவைக்கிற கல்லுக்கு மேலே மோட்டாருக்கான பிளக் பாக்ஸ். மூடியின் ஓரம் உடைந்து, உள்ளே எறும்பு மண் கட்டியிருந்தது. மழைத்தண்ணீர் அந்த மண்ணில் ஊறி, ஈரம் பாக்ஸிலிருந்து சுவருக்கும், சுவரில் கிளாம்ப் அடித்திருந்த ஜி.ஐ. பைப்புக்கும் இறங்கியிருந்தது. அந்தப் பைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா தினமும் இரண்டு படி இறங்கித் துணி துவைக்கப் போவார். வெறுங்கால், ஈரக்கை. ராத்திரி டைரக்ட் கொடுத்திருந்தால் காலை ஆறு மணிக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் வயிறு கலங்குகிறது. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதனால்தான்.

நம் வீடுகளில் மூன்று வெவ்வேறு காவலர்களை ஒரே பெயரில் அழைக்கிறோம். பியூஸ் போனாலும், எம்.சி.பி. விழுந்தாலும், ஆர்.சி.சி.பி. விழுந்தாலும் நமக்கு எல்லாம் ‘ட்ரிப் ஆயிடுச்சு’தான். மூன்றும் செய்கிற வேலை வேறு வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் நிறைய வீடுகளில் ‘ட்ரிப்பர் போட்டிருக்கோம், பயமில்லை’ என்ற நம்பிக்கை இருக்கிறது.

பழைய வீடுகளில் இன்றும் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை உண்டு. ஈயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி ஒன்று, அளவுக்கு மேல் கரண்ட் போனால் சூடேறி உருகி அறுந்துபோகும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அறுந்த கம்பிக்குப் பதில் நாம் எதைப் போடுகிறோம்? ஒயரை உரித்து உள்ளே இருக்கும் இழைகளை இரண்டு, மூன்றாகச் சேர்த்து முறுக்கிப் போடுகிறோம். ‘இனி போகாது’ என்று பெருமையாகச் சொல்லவும் செய்கிறோம். உண்மைதான், பியூஸ் போகாது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் ஒயர் உருகும்.

பியூஸின் இடத்துக்கு வந்தது எம்.சி.பி. ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் 1924-இல் இதற்குக் காப்புரிமை வாங்கியது. பழுதான ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு ஏற்பாடுகள் தெரியும். ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை. சுமை கூடி நேரம் ஆக ஆக அது சூட்டில் வளைந்து கொக்கியைத் தட்டிவிடும். மற்றொன்று செம்புச் சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆனால் அந்தச் சுருள் நொடிக்குள் காந்தமாகி இழுத்துவிடும். பக்கத்தில் சீப்பு மாதிரி அடுக்கிய இரும்புத் தகடுகள், பிரியும்போது எழுகிற தீப்பொறியைத் துண்டு துண்டாக்கி அணைப்பதற்கு. இவ்வளவும் கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்கியிருக்கிறது. வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலும் விற்கும் ‘சி’ வகையில் 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழ வேண்டுமென்றால், அதில் 80-இலிருந்து 160 ஆம்பியர் வரை பாய வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. ஈரம் பட்ட உடம்பின் வழியாக 230 வோல்ட் போகிறது. உடம்பின் தடை ஏறத்தாழ 1,500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பாய்வது 0.15 ஆம்பியர். பழைய 40 வாட் குண்டு பல்பு இழுக்கும் கரண்டைவிட இது குறைவு. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை. மனிதன் துடிப்பதும் பல்பு எரிவதும் அதற்கு ஒன்றுதான். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்ற அது செய்யப்படவே இல்லை.

“எர்த் போட்டிருக்கோமே?” என்று கேட்பார்கள். இங்கேதான் நம் புறநகர் வீடுகளின் பெரிய ஓட்டை இருக்கிறது. வாசல் ஓரம் ஒரு குழி, அதில் ஒரு பைப், கொஞ்சம் கரியும் உப்பும். வீடு கட்டிய அன்று போட்டது, அதன்பின் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டோம். அந்த எர்த்தின் தடை 20 ஓம் என்று கொள்ளுங்கள். ஹீட்டரின் உடம்பில் பேஸ் ஒட்டிக்கொண்டால் எர்த் வழியாகப் போவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. ஹீட்டரின் உலோக உடம்பு உயிருள்ள கம்பியாகவே மணிக்கணக்கில் நிற்கும். எர்த் இருந்தும், எம்.சி.பி. இருந்தும், குளியலறையில் உயிர் போவது இப்படித்தான்.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஆர்.சி.சி.பி. ஆர்.சி.டி., இ.எல்.சி.பி. என்றும் கடைகளில் சொல்கிறார்கள். இதன் வேலையைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க் காமாட்சி அம்மன் கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பவரை நினைத்துக்கொள்வேன். உள்ளே போனவர்கள் எத்தனை பேர், திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவரிடம் கணக்கு இருக்கும். ஒரு ஜோடி மிஞ்சினால் உள்ளே யாரோ நிற்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆர்.சி.சி.பி.க்குள் ஒரு காந்த வளையம் இருக்கிறது. பேஸ், நியூட்ரல் இரண்டும் அதன் வழியாகத்தான் போகும். போன கரண்டும் வந்த கரண்டும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், வளையம் சும்மா இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்து வந்தால், அதாவது 0.03 ஆம்பியர் வேறு வழியில் எங்கோ தரைக்குப் போயிருந்தால், வளையத்தில் சுற்றிய சுருளில் மின்சாரம் பிறந்து கொக்கியை விடுவிக்கும். அதற்கு ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் ஆகக்கூடாது. கசிவு அதிகமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் விழுந்தாக வேண்டும்.

இப்படி மில்லி ஆம்பியரில் கணக்குப் பார்ப்பது சும்மா வந்ததில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், எவ்வளவு கரண்ட் வரை மனிதன் பிடித்த கம்பியைத் தானாக விட முடியும் என்று தன்னார்வலர்களிடம் அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் தசை இறுகிக் கை ஒட்டிக்கொள்ளும். வியன்னாவின் காட்ஃபிரீட் பீகல்மையர் தன் உடம்பிலேயே கரண்டைச் செலுத்திச் சோதித்துப் பார்த்தவர். இப்படிப்பட்டவர்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்த கருவியைத்தான் நாம் ஸ்குரூ டிரைவரை எடுத்து ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறோம்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. மாங்காட்டிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, அம்பத்தூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கே பேனல் கதவைத் திறந்தால் காண்டாக்டர் வரிசையும் ஓவர்லோட் ரிலேயும் எப்படி இருக்கும் என்று இவர்களுக்கு அத்துப்படி. ரிலே விழுந்தால் காரணம் எழுதாமல் ரீசெட் அழுத்தக்கூடாது என்று அங்கே பழகியவர்கள். மோட்டாரைத் தொடும்முன் மெயினைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்பவர்கள். பல்லாவரத்தில் இங்கிலிஷ் எலக்ட்ரிக் ஆலையில் ரிலே செய்த கைகள் இந்தச் சுற்றுவட்டாரத்துக் கைகள். வீட்டில் ட்ரிப் ஆனால் மட்டும் டைரக்ட் கொடுக்கச் சொல்லிவிடுகிறார்கள். மெஷினுக்குக் கொடுக்கிற மரியாதையை வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுங்கள் என்றுதான் அவர்களிடம் கேட்கிறேன்.

சட்டத்தில் குறை இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிவை அனுமதிக்கும் கருவி கூடாது என்கின்றன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் விநியோக விதித்தொகுப்பைத் திருத்தி, புதிய இணைப்புக்கு ஆர்.சி.டி.யைக் கட்டாயமாக்கியது. ஆனால் இருபது வருடத்துக்கு முந்திய வீட்டைத் தேடி வந்து யாரும் பார்ப்பதில்லை. நாட்டில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது.

எங்கள் பக்கத்துக்கு மழை என்றாலே தனி பயம். போரூர் ஏரி ஒரு பக்கம், செம்பரம்பாக்கம் ஒரு பக்கம். 2021 நவம்பரில் ஜனனி நகர், சக்ரா நகர்த் தெருக்களில் தண்ணீர் நின்றதை ஊரே பார்த்தது. 2019 செப்டம்பரில், இங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் முகலிவாக்கத்தில், சரியாகப் புதைக்காத தெருவிளக்குக் கேபிளை மிதித்து 14 வயதுச் சிறுவன் உயிர்விட்டான். 2017-இல் கொடுங்கையூரில் தேங்கிய தண்ணீரில் கிடந்த கம்பியால் இரண்டு சிறுமிகள் போனார்கள். தெருவில் இருப்பதைத் திருத்துவது அரசின் கடமை. அதற்காகக் குரல் கொடுக்கத்தான் வேண்டும். நம் வாசலுக்கு உள்ளே இருப்பது நம் பொறுப்பு.

எங்கள் அம்மன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அங்குள்ள அர்த்தமேரு ஸ்ரீசக்கரம் அஷ்டகந்தம் என்னும் எட்டு வாசனைப் பொருள்களால் ஆனது. அதனால் அதற்கு அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனைதான். தண்ணீர் படக்கூடாததைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிற ஊர் இது. அந்தக் கவனத்தில் கொஞ்சம் கொல்லைப்புற பிளக் பாக்ஸுக்கும் போகட்டும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். ஆர்.சி.சி.பி. விழுந்தால் வெளியிலிருந்து வரும் கரண்ட் நிற்கும். உடனே இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும். கசிவு இன்வெர்ட்டர் லைனில் இருந்தால், விழுந்த கருவிக்குப் பின்னாலிருந்து அதே 230 வோல்ட் அதே ஈரச்சுவருக்குத் தொடர்ந்து போகும். ஆகவே இன்வெர்ட்டர் வெளியீட்டுக்குத் தனியாக ஒரு ஆர்.சி.சி.பி. வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். மெயினே தண்ணீரில் நின்றால் கிட்டே போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்து கம்பத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆர்.சி.சி.பி. போட்டதும் அடிக்கடி விழுகிறது என்று புகார் சொல்பவர்கள் வீட்டில், பெரும்பாலும் இன்வெர்ட்டர் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் எங்கோ ஒரு ஸ்விட்ச் பாக்ஸுக்குள் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். கருவியில் கோளாறு இல்லை, ஒயரிங்கைப் பிரிக்க வேண்டும். கசிவைத் தேடுவதும் கஷ்டமில்லை. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் நோய். அதிலுள்ள பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டு மறுபடி பாருங்கள். எங்கள் வீட்டில் இப்படித்தான் அரை மணி நேரத்தில் கொல்லைப்புற பாக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மொட்டை மாடியில் சோலார் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்குப் பிறகு மாடிக்கு மாடி பலகைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. பலகையிலிருந்து வருவது டி.சி. வீட்டு ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பிரியும்போது தீப்பொறி எளிதில் அணையும். டி.சி.க்கு அந்த ஓய்வு கிடையாது, பொறி நீண்டு எரியும். அந்த இடத்தில் சாதாரண எம்.சி.பி.யை மாட்டி ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டி.சி.க்கென்றே செய்ததுதான் வேண்டும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணைப் பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். ஒரு சாதாரண வீட்டுக்கான ஆர்.சி.சி.பி. சுமார் 2,000 ரூபாய்க்குள் அடங்கும். எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி அன்று காலை அந்த எறும்பு மண்ணைத் தன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன்பின் யார் வீட்டிலும் டைரக்ட் கொடுப்பதில்லை என்று சொல்கிறார்.

உங்கள் போர்டில் உள்ள ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று எழுதிய சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். வருடக்கணக்கில் யாரும் தொடாமல் விட்டால் உள்ளே விசை இறுகிப்போகும். இன்று வீட்டுக்குப் போனதும் அதை ஒரு தடவை அழுத்துங்கள். விழுந்தால் தூக்கிவிட்டு, மாதம் ஒருமுறை இதேபோல் அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.