தழும்பு சிறிதாக இருந்தால் போதுமா?

நுண்துளை அறுவை என்றாலே மேலானது என்னும் எண்ணம் மக்களிடம் வேரூன்றிவிட்டது. பித்தப்பைக்கும் குடல்வாலுக்கும் அது நியாயமான விருப்பமே. ஆனால், தொடக்கநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் அதையே வற்புறுத்துவோரிடம், வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று சொல்வது அறுவை மருத்துவனாகிய எனக்கு இன்றும் எளிதாக இல்லை. ‘இன்னுமா பழைய முறை?’ என்ற கேள்வி அவர்கள் முகத்திலேயே தெரியும்.

இந்நோயில் பெரும்பாலும் கருப்பையை மட்டும் எடுத்தால் போதாது. அதைத் தாங்கிநிற்கும் பக்கத் திசுக்கள், யோனியின் மேற்பகுதி, இடுப்புப் பகுதி நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றையும் அகற்ற வேண்டும். வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்தைம் 1898-இல் தொடங்கிவைத்த வழி இது. அதே அறுவையைத் துளைவழியே செய்தாலும் பலன் ஒன்றுதான் என்று மருத்துவ உலகம் நம்பியது.

2018-இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. பல நாடுகளைச் சேர்ந்த 631 பெண்கள் அதில் பங்கேற்றனர். நாலரை ஆண்டுகளில், திறந்த அறுவை செய்துகொண்டோரில் 96.5 சதவீதத்தினர் நோய் மீளாமல் வாழ்ந்தனர். துளைவழி, ரோபோ முறைகளில் அது 86 சதவீதமே. இறப்பும் அப்பிரிவில்தான் கூடுதல். கருப்பையை அசைக்க உள்ளே செலுத்தும் கருவியும், வயிற்றை உப்பவைக்கும் கரியமில வாயுவும் புற்றணுக்களைச் சிதறடிக்கின்றனவோ என்பது ஐயம், காரணம் உறுதிப்படவில்லை. 2 சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டிகளைப் பற்றிய விவாதம் ஓயவுமில்லை.

உண்மையில் குறைக்கத்தக்கது தழும்பன்று, அகற்றும் திசுவின் அளவு. 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத, ஆழமாக ஊடுருவாத கட்டியுள்ள 700 பெண்களிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. பக்கத் திசுக்களை விட்டுவைத்து எளிய முறையில் கருப்பையை நீக்கியோரில் 3 ஆண்டுகளில் இடுப்புப் பகுதியில் நோய் மீண்டது 2.52 சதவீதம், விரிவான அறுவையில் 2.17. வேறுபாடு அற்பம். சிறுநீர் சார்ந்த தொல்லைகளோ எளிய முறையில் குறைவு. பிள்ளைப்பேறு வேண்டும் இளம்பெண்கள் சிலருக்குக் கருப்பைவாயை மட்டும் நீக்கிக் கருப்பையைக் காக்கவும் வழி உண்டு. பிரான்சின் டேனியல் டார்ஜான் வகுத்த முறை அது. கட்டி 4 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் பொதுவாக அறுவையே வேண்டாம். மருந்துடன் கூடிய கதிர்வீச்சுதான் ஏற்றது.

இத்தனை நுட்பமும் வீணாகும் இடம் ஒன்று உண்டு. உதிரப்போக்கு என்று வரும் பெண்ணின் கருப்பைவாயைச் சோதிக்காமலே கருப்பையை எடுத்துவிடுவதைத்தான் சொல்கிறேன். கையெழுத்திடும் முன் குடும்பத்தார் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தழும்பைப் பற்றியது அன்று. கருப்பைவாயைச் சோதித்தாயிற்றா என்பதே. புற்று இருந்தது என்று பின்னர் திசு அறிக்கையில் தெரியவந்தால், அப்பெண்ணுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது கதிர்வீச்சு, அல்லது முதலாவதைவிடச் சிக்கலான இரண்டாம் அறுவை.