நிலவின் மறுபக்கத்தில் ஒரு முன்னாள் எம்.பி.

புதுதில்லி: நாடாளுமன்றத்தில் உரையாற்றியவர்களுக்குத் தலைநகரில் சாலைகளும் சிலைகளும் உண்டு. முதலாவது மக்களவையில் சுயேச்சை உறுப்பினராக அமர்ந்திருந்த ஒருவரின் பெயரோ, பூமியை ஒருபோதும் நோக்காத நிலவின் மறுபக்கத்தில் இருக்கிறது. 1952 தேர்தலில் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் வென்ற வானியற்பியல் அறிஞர் மேக்நாத் சாஹாதான் அவர்.

'சாஹா' பள்ளம் நிலவின் கிழக்கு விளிம்பைச் சற்றே தாண்டி, நடுக்கோட்டை ஒட்டி அமைந்துள்ளது. குறுக்களவு ஏறத்தாழ 100 கி.மீ. பெங்களூரிலிருந்து மாண்டியா செல்லும் தொலைவு என்று கொள்ளலாம். விண்கல் மோதி உண்டான பழம்பள்ளம் இது. நிலவில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. ஆயினும் பின்னர் விழுந்த கற்கள் அதன் கரையைச் சிதைத்துள்ளன. நிலவு தன்னைத்தானே சுற்றும் காலமும் பூமியைச் சுற்றும் காலமும் ஒன்றே என்பதால் அந்தப் பக்கம் நமக்குத் தெரிவதில்லை. 1959-ல் சோவியத் விண்கலம் லூனா-3 அதை முதன்முதலில் படமெடுத்தது. சர்வதேச வானியல் ஒன்றியம் 1970-ல் அங்குள்ள பள்ளங்கள் பலவற்றுக்கு அறிஞர்களின் பெயர்களைச் சூட்டியது.

அதே மறுபக்கத்தில், தென்பகுதியில் 'பாபா' பள்ளமும் உள்ளது. இதில் ஒரு விநோதம் உண்டு. ஹோமி பாபாவின் தலைமையில் 1948-ல் அணுசக்தி ஆணையம் அமைந்தபோது, முதலில் தொழில்வளமும் பயிற்சி பெற்ற ஆய்வாளர்களும் தேவை என்று வாதிட்டவர் சாஹா. அணுசக்திச் சட்டத்தின் ரகசியக் கட்டுப்பாடுகளை 1954 மே மாதம் மக்களவையிலேயே அவர் சாடினார். அரசு தன் வழியில்தான் சென்றது. ஆனால் அணுசக்தி குறித்து அவையில் வெளிப்படையாகப் பேசலாம் என்பதற்கு அந்த விவாதம் முன்னோடியாயிற்று.

விண்மீன்களின் வெப்பநிலையை அவற்றின் ஒளியிலிருந்து கணிக்க வழிகாட்டிய அவரது அயனியாக்கச் சமன்பாடு 1920-ல் வெளியானது. உலகம் அவரை அதற்காகவே அறியும். நாட்டுக்கு அவர் விட்டுச்சென்ற மற்றொரு பணி நாட்காட்டி. 1952-ல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமையேற்ற அவர், சம இரவு நாளிலிருந்து பஞ்சாங்கங்களின் ஆண்டுத் தொடக்கம் 23 நாள் விலகிவிட்டதைச் சுட்டிக்காட்டினார். குழுவின் அறிக்கை 1955-ல் வந்தது.

அது நடைமுறைக்கு வந்ததைக் காண அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16 அன்று, குடியரசுத் தலைவர் மாளிகை வளாகத்திலிருந்த திட்டக்குழு அலுவலகத்துக்கு நடந்து செல்லும் வழியில் மாரடைப்பால் காலமானார்.

1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி அமலாயிற்று. மத்திய அரசிதழின் முகப்பில் சக ஆண்டுத் தேதி இன்றும் அச்சாகிறது. நம் வீடுகளிலோ சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14-ல்தான்.