மலையேறும் வண்டியும் தண்ணீர்ப் பம்பின் புல்லியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சாலை சமவெளியில் செல்கிறது. அதற்கப்பால் கல்வராயன் மலைச்சாலை தொடங்குகிறது. வெள்ளிமலை வரை ஏற்றமும் வளைவுமாகவே வழி. சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி இந்த ஏற்றத்தில் ஆவி கக்கி நின்றுவிடுவது உண்டு. மேலே ஒரு மலைக் கிராமத்தில் நோயாளி ஒருவர் வண்டிக்காகக் காத்திருக்கும் வேளையில் இவ்வாறு நேர்ந்தால் என்னவாகும்? ஆகவே எஞ்சின் சூடாவதன் காரணத்தை அறிவது ஓட்டுநருக்கு மட்டுமன்றி நமக்கும் பயன் தரும்.

எஞ்சினில் எரியும் எண்ணெயின் சக்தி முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெப்பமாக வெளியேறுகிறது. ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை எஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பி, ஆறியபின் திரும்பக் கொண்டுவருவதே தண்ணீர்ப் பம்பின் வேலை. மலையேறும்போது எண்ணெய் மிகுதியாக எரிகிறது. ஆனால் வண்டி மெதுவாகச் செல்வதால் எதிர்காற்று குறைவு. வெப்பம் கூடி, காற்று குறையும் இந்நிலையில்தான் தொல்லை பிறக்கிறது.

இத்தொல்லை மோட்டார் வண்டியோடு உடன் பிறந்தது எனலாம். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய வண்டியில் தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சென்றார். தூரம் 100 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வண்டியில் தண்ணீர் ஆவியாகிப் போவதன் மூலமே எஞ்சின் குளிர்ந்தது. எனவே வழிநெடுகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. செங்குத்தான ஏற்றங்களில் வண்டியைத் தள்ளவும் நேர்ந்தது. மலையேற இன்னும் ஒரு தாழ்ந்த கியர் வேண்டும் என்று அவர் பின்னர் யோசனை கூறினார்.

இனிப் புல்லிக்கு வருவோம். வீட்டிலுள்ள தையல் இயந்திரத்தைப் பாருங்கள். காலால் மிதிக்கும் பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றினால், மேலுள்ள சிறிய சக்கரம் பலமுறை சுற்றுகிறது. எஞ்சினிலும் இதே முறைதான். கிராங்க் தண்டின் முனையில் ஒரு புல்லி. தண்ணீர்ப் பம்பில் ஒரு புல்லி. இரண்டையும் பெல்ட் இணைக்கிறது. பம்பின் புல்லியைச் சிறியதாக்கினால் பம்பு வேகமாகச் சுற்றும்.

ஓர் எடுத்துக்காட்டு: கிராங்க் புல்லியின் விட்டம் 180 மில்லிமீட்டர், பம்புப் புல்லியின் விட்டம் 150 மில்லிமீட்டர் என்க. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும்போது பம்பு 1800 முறை சுற்றும். பம்புக்கு 135 மில்லிமீட்டர் புல்லியைக் கடைந்து பொருத்தினால் அது 2000 முறை சுற்றும். செல்லும் தண்ணீர் ஏறத்தாழ 11 சதவீதம் கூடும். பழைய வண்டிகள் பலவற்றில் பம்பும் விசிறியும் ஒரே அச்சில் இருப்பதால் காற்றும் கூடும். மெதுவான ஏற்றத்தில் இது மெய்யாகவே உதவும்.

வேகமாக ஓடும் தண்ணீருக்கு ஆறுவதற்கு நேரம் கிடைக்காது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. ஒவ்வொரு சுற்றிலும் சற்றுக் குறைவாக ஆறினாலும், தண்ணீர் அடிக்கடி வந்து ஆறிச் செல்வதால் மொத்தத்தில் இழப்பில்லை.

ஆனால் இந்த லாபம் இலவசமாகக் கிடைப்பதன்று. பம்பின் வேகம் கூடும் மடங்கிலேயே தண்ணீர் கூடுகிறது; அதற்கு வேண்டிய சக்தியோ அம்மடங்கின் மூன்றாம் பெருக்கமாகக் கூடுகிறது. மேற்கண்ட கணக்கில் 11 சதவீதத் தண்ணீருக்காக ஏறத்தாழ 37 சதவீதம் சக்தி மிகுதியாகச் செலவாகும். மேலும், மலையிறங்கிச் சமவெளியில் எஞ்சின் 2800 முறை சுற்றினால், பம்பு 3360க்குப் பதில் 3730 முறைக்கும் மேல் சுழலும். அளவு மீறிய வேகத்தில் பம்பினுள் ஆவிக் குமிழிகள் தோன்றி உடையும். அவை இறக்கையை அரிக்கும். தண்ணீர் கூடுவதற்குப் பதிலாகக் குறையும். பேரிங்கும் விரைவில் தேயும். சிறிய புல்லியில் பெல்ட்டின் பிடிப்பும் குறைவு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கும் பொருந்துகிறதன்றோ!

ஆகையால் கடைசல் பட்டறைக்குச் செல்லுமுன் வேறு சிலவற்றைச் சோதிக்க வேண்டும். பெல்ட் தளர்ந்துள்ளதா? தெர்மோஸ்டாட் சரியாகத் திறக்கிறதா? கரும்புச் சோகையும் தூசியும் ரேடியேட்டரின் வெளிப்புறத்தை அடைத்துள்ளனவா? உப்புநீர் ஊற்றியதால் குழாய்களுக்குள் வெந்நீர்ப் பானையில் போல வெண்படிவம் படிந்துள்ளதா? அடைபட்ட ரேடியேட்டருக்கு எந்தப் புல்லியும் மருந்தாகாது. இவையெல்லாம் சீராக இருந்தும் ஏற்றத்தில் மட்டும் எஞ்சின் சூடானால், அப்போது புல்லியைப் பற்றி எண்ணலாம். அதையும் சிறிதளவே மாற்ற வேண்டும். பெல்ட்டின் நீளத்தையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது ஒரு கியர் குறைத்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றும். அதனுடன் பம்பும், எஞ்சினோடு இணைந்த விசிறியும் வேகமெடுக்கும். புல்லியை மாற்றிப் பெறும் பலனில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. மூடியின் அழுத்தத்தால் உள்ளே தண்ணீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கக்கூடும். மலைமேல் 1000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 97 பாகையிலேயே கொதித்துவிடும். எனவே மூடியைத் திறந்ததும் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும். வண்டியை நிறுத்தி, அது நன்றாக ஆறும்வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை. நம் வீட்டார் வண்டி ஓட்டுபவராயின் இதை இன்றே அவர்களிடம் சொல்வோம். காரணத்தை முதலில் கண்டு, பரிகாரத்தைப் பின்னர் அளவோடு செய்வதே நாம் கற்கும் விஞ்ஞானத்தின் பயனாகும்.