உங்களுக்குத் தெரியுமா? ஒரு டாக்டர், இரண்டு மேஜை

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் செய்யும் டாக்டருக்கு ஒன்றல்ல, இரண்டு மேஜைகள்! ஒருவருக்கு லென்ஸ் வைத்து முடித்ததும் மைக்ரோஸ்கோப்பை அடுத்த மேஜைக்குத் திருப்புவார். அங்கே அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார்.

• காரணம், ஆபரேஷன் தியேட்டரில் விலை கூடியது டாக்டரின் நிமிடம். கண்ணைச் சுத்தம் செய்வது, மருந்து விடுவது, கட்டுப் போடுவது எல்லாம் பயிற்சி பெற்ற பெண் உதவியாளர்கள் கையில்.

• யார், எந்த வேலைக்கு, எத்தனை நிமிடம் என்று பிரித்துச் செலவைப் பார்ப்பதே நேரம் சார்ந்த செயல்வழிச் செலவுக் கணக்கு. ஹார்வர்டின் ராபர்ட் கப்லானும் மைக்கேல் போர்ட்டரும் மருத்துவமனைகளுக்கு இதை வலியுறுத்தி எழுதியது 2011இல். டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கியதோ 1976இல்!

• 100 டாலர் அளவில் இறக்குமதியான லென்ஸை, 1992இல் தொடங்கிய அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது.

• சென்னை எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் வலை பின்னும் பெரியவருக்குப் புரை விழுந்தால் ஊசியும் நூலும் மங்கிவிடும். ஏழைகளுக்கு அரவிந்தில் ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் பஸ் காசு? சாப்பாடு? கூட வரும் மகன் அன்று கடலுக்குப் போக முடியாதே? மருத்துவமனைக் கணக்கில் இந்தச் செலவுகளுக்கும் ஓர் இடம் வேண்டும். இலவசம் என்றபோதும் கண் பரிசோதனை முகாமிலிருந்து பலர் ஆபரேஷனுக்கு வராததை ஆராய்ந்த அரவிந்த், பஸ்ஸையும் சாப்பாட்டையும் தன் செலவிலேயே சேர்த்துக்கொண்டது.